மழையில் தெரிந்த நட்சத்திரம்

மலையூரான கம்போங் ராஜாவில் ஸுல்கிஃப்லியின் சாப்பாட்டுக் கடைதான் மூவரும் கூடுமிடம். கடைக்காரரைத் தவிர மற்ற இருவர், திரிங்காப் பூத்தோட்டத்தில் வேலை செய்யும் வனஸ்ஸா, தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி பார்பரா. மூவரும் கண்காணித்தது ஒரே நட்சத்திரத்தை. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வெடித்து, சில நாள் வெறுங்கண்ணுக்கே தெரிந்து, மறுபடி மங்கிவிடும் வகை. அடுத்த வெடிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பைனாகுலரில் அதைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, ஒளி அளவை உலகப் பொதுப் பதிவுக்கு அனுப்ப வேண்டும். மேகம் மூடினால் எதுவும் அனுப்பக் கூடாது. பார்பராவின் லயத்து வீட்டுக்கு மேல் மாதத்தில் பாதி நாள் மூடுபனி. அப்போதெல்லாம் முந்தைய அளவையே அனுப்பினாள். நட்சத்திரம் மாறாததால் அவள் கணக்கு தப்பவில்லை. அது வெடிக்கும்போது, விடாமல் பார்த்தவர்கள் வரிசையில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதே அவள் ஆசை.

மூடுபனி நாளிலும் அவள் அளவு பதிவில் ஏறுவதைக் கண்டு ஸுல்கிஃப்லிக்குச் சந்தேகம் வந்தது. மலை முழுக்க மழை கொட்டிய ஒரு மாலையில் மூவரின் போன் குழுவுக்குச் செய்தி அனுப்பினார்: "வெடிச்சிருச்சு! கிளந்தான்ல பாத்துட்டாங்களாம்."

பார்பரா உடனே எழுதினாள்: "ஆமா பாய், நானும் பாத்தேன். பளிச்சுன்னு இருக்கு."

மறுநாள் காலை, பார்பராவும் வந்து கடை நிறைந்திருந்தபோது அவர் அவள் பதிலை உரக்கப் படித்தார்.

"லோரிக்காரனுக்கு ரோடே தெரியல. இந்தம்மாவுக்கு நட்சத்திரம் தெரிஞ்சிருக்குலா!"

லோரிக்காரர்கள் சிரித்தார்கள். "குடையில ஓட்டை போட்டுப் பாத்தீங்களாக்கா?" என்றாள் வனஸ்ஸா.

எதுவும் வெடிக்கவில்லை என்பது அப்போதுதான் பார்பராவுக்குப் புரிந்தது.

"நேத்து மட்டுந்தான் பாய்..."

"பனி மூடுன நாளெல்லாம்? நீங்க அனுப்புனது மொத்தத்தையும் பதிவுலேர்ந்து எடுக்கச் சொல்லி எழுதப் போறேன்."

"வேணாம் பாய். நெஜமா பாத்ததும் அதுல இருக்கு. அத மட்டுமாவது விட்டுருங்க."

"சரி, எதுன்னு காட்டுங்க. விட்டுர்றேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் அனுப்பிய பதிவுகளைப் போனில் திறந்து கொடுத்தார். எல்லா வரியிலும் ஏறக்குறைய அதே எண். அவள் விரல் ஒன்றின் மேல் நின்றது, தயங்கியது, கீழே இறங்கியது. குளிரில் நின்று உண்மையாகவே பார்த்த மாலைகள் நினைவிருந்தன. அவை எந்தத் தேதிகள் என்று தெரியவில்லை.

"மெதுவா பாருங்க," என்றார் அவர். "டீ போடச் சொல்லவா?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எடுத்துருங்க பாய்."

"எல்லாத்தையுமா? பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"எல்லாத்தையும்," என்றாள் பார்பரா உரக்க.