துடைப்பம் துரத்துகிறது

மரப்பாலத்தின் பலகைகள் தடதடவென்று அதிர, இரண்டு சைக்கிள்களும் ஒரே பாய்ச்சலில் அக்கரையில் வந்து விழுந்தன. முன்னால் போன அண்ணி சடாரென்று பிரேக் பிடித்தார். அவர் முதுகில் மோதாமல் இருக்க நான் புதருக்குள் நுழைந்து, முழு உடம்போடு வெளியே வந்தேன்.

எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டும் அம்புக்குறிப் பலகை ஒற்றை ஆணியில் தொங்கி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஈரச் சரளைக்கல். யார் போன தடமும் தெரியவில்லை.

"வலது பக்கம் போலாம் அண்ணி. இறக்கம். மத்தவங்களும் சுகமான பக்கமாத்தான் போயிருப்பாங்க."

அண்ணி கூரியர் வேன் ஓட்டுகிறவர். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"முன்னாடி போற வண்டி தப்பான தெருவுல திரும்பினா நானும் திரும்பணுமா? யார் வீட்டு பார்சலையோ யார் வீட்டுலயோ குடுத்துட்டு வரவா?"

ஹேண்டில்பாரில் கட்டியிருந்த நம்பர் பலகையைக் குனிந்து பார்த்தார். பந்தயப் பாதையின் ஏற்ற இறக்கங்கள் அதில் கோடாக அச்சிடப்பட்டிருந்தன.

"பாலத்துக்கு அப்புறம் மேட்டைப் போட்டிருக்கான். இடது பக்கம்தான் மேடு. ஏறுடா."

ஏறினோம்.

எங்களுக்கு அவசரம் இருந்தது. இந்த மலைப் பந்தயத்தில் கடைசி ஆளுக்குப் பின்னால் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவர் சைக்கிளில் வருவார். துடைப்பம் என்று எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் யாரை முந்துகிறாரோ அவர் கதை அங்கேயே முடிந்தது. நம்பர் பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, சாமான் வண்டியில் ஏறி ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அண்ணி அப்படி இரண்டு வருடம் திரும்பியவர். மூன்றாவது தடவையும் பலகை போனால் சைக்கிள் நிரந்தரமாக பால்கனிக்குப் போகும், அதில் துணி காயப்போடலாம் என்று என் அண்ணனோடு பேச்சு. அண்ணன் கிளிப்பெல்லாம் வாங்கிவிட்டான். கலர் கலராக.

இந்த முறை ஜோடிப் பிரிவில் பெயர் கொடுத்து என்னையும் இழுத்து வந்திருந்தார். நான் லிஃப்ட் மெக்கானிக். பிரேக்கைக் கழற்றி, பார்த்து, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்க்காமல் எதையும் நகரவிட மாட்டேன். பந்தயத்துக்குக் கொடி அசைந்தபோது என் பிரேக்கின் பாதி என் சட்டைப் பையில் இருந்தது. கூட்டம் முழுக்கக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். அண்ணி அப்போது சொன்ன வார்த்தைகளை அண்ணனிடம்கூடச் சொல்ல முடியாது.

மேட்டின் மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கீழே, பனிப்புகைக்குள், மஞ்சளாக ஒன்று.

"அண்ணி, பதறாதீங்க."

"அப்படிச் சொன்னாலே பதறும். என்ன?"

"துடைப்பம்."

அண்ணிக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். பல் பிடுங்கப் போன இடத்தில் சிரித்து, டாக்டரையும் சிரிக்கவைத்து, பல்லைப் பிடுங்கவிடாமலே திரும்பி வந்தவர். இப்போதும் ஆரம்பித்தார். முதலில் மூக்கால். பிறகு தோள் குலுங்க. சைக்கிள் பாதை முழுக்கக் கோலம் போட்டது.

"சிரிக்காதீங்க அண்ணி, காலு சொல்றதைக் கேக்காது."

"ஒண்ணு மட்டும் நல்லது பாரு," என்றார் இளைப்புக்கு நடுவே. "துடைப்பமே இந்தப் பக்கம் வருதுன்னா நம்ம பாதை சரி."

அது எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தாற்போல் சிரித்துக்கொண்டே மிதித்தோம். நுரையீரல் வாய் வழியாக எட்டிப் பார்த்தது. வளைவுக்கு வளைவு மஞ்சள் பெரிதானது. ஒரு இடத்தில் அந்த ஆள் கையை உயர்த்தி ஆட்டினார்.

"நிக்கச் சொல்றாருடா."

"நமக்குக் கண்ணு தெரியாது அண்ணி. மிதிங்க."

உச்சியில் தண்ணீர் கொடுக்கும் இடம். மடக்கிய மேஜையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் வாய் பிளந்தார்.

"தண்ணி வேணாங்க," என்று அண்ணி கத்தினார். "உங்களைக் காக்கவெச்சதுக்கு மன்னிச்சிடுங்க. நீங்க மூட்டை கட்டுங்க, நாங்க போயிடறோம்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நாங்கள் காதில் வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் செயின் கழன்றது.

இறங்கினேன். கை தானாகவே பையிலிருந்த ஸ்பானருக்குப் போனது.

"ஸ்பானரை எடுத்தே, உன்னையும் பால்கனியில காயப்போடுவேன்."

"ஒரே ஒரு தடவை செக் பண்ணிக்கறேன் அண்ணி, டென்ஷன் சரியா..."

"எனக்கு இருக்கற டென்ஷன் போதும். மாட்டு. ஏறு."

வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையும் சோதிக்காமல் செயினை மாட்டி ஏறினேன். பின்னால் சரளை நொறுங்கும் சத்தம் நன்றாகவே கேட்டது.

இறக்கம்.

அதை ஓட்டினோம் என்று சொல்வது மிகை. மலை எங்களைக் கீழே கொட்டியது. வேர், பாறை, குட்டை, மறுபடி வேர். அண்ணி ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கூச்சல் போட்டார். எனக்கு இரண்டு கண்ணிலும் சேறு, பல்லிலும் சேறு. வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுவது போல இருந்தது. இத்தனை வேகத்தில் போகும் லிஃப்ட்டை நான் உடனே பூட்டி சீல் வைத்திருப்பேன்.

மரங்கள் விலகின. புல்வெளி. முடிவிடம்.

ஒரு ஈ காக்கா இல்லை. காற்றடைத்து நிற்க வேண்டிய வரவேற்பு வளைவு, தரையில் தோலாகக் கிடந்தது. நாற்காலிகள் அடுக்கியபடி இருந்தன. தொப்பிக்காரர் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி வயரோடு மல்லுக்கட்டினார்.

"எல்லாத்தையும் பிரிச்சுட்டாங்கடா." அண்ணியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. அடுத்த நொடி நிமிர்ந்தார். "போகட்டும். கோடு இருக்குல்ல? மிதி!"

புல்லில் வெள்ளைக் கோடு இருந்தது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டி, இரண்டு பேரும் ஒன்றாக அதைத் தாண்டி, ஒன்றாகவே விழுந்தோம்.

தொப்பிக்காரர் திரும்பினார். எங்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வயரைக் கீழே போட்டுவிட்டு யாரையோ கூப்பிட ஓடினார்.

மஞ்சள் கோட்டு புல்லில் வழுக்கி நின்றது. அந்த ஆள் இறங்கி, தள்ளாடி, அண்ணியை நோக்கிக் கையை நீட்டியபடி வந்தார். அண்ணி நம்பர் பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"தர மாட்டேன். கோட்டைத் தாண்டினப்புறம்தான் நீங்க வந்தீங்க. கேட்டுப் பாருங்க, என் கொழுந்தன் சாட்சி."

"பலகையா?" அவருக்கு மூச்சே வரவில்லை. "அதை வெச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்?"

"நீங்கதானே துடைப்பம்?"

அவர் கோட்டின் ஜிப்பை இறக்கினார். உள்ளே செருகியிருந்தது, ஹேண்டில்பாரிலிருந்து கழன்ற அவருடைய நம்பர் பலகை.

"குளுருதுன்னு கோட்டுப் போட்டேங்க. துடைப்பம், மத்த ஜனம் எல்லாம் பாலத்துல வலது பக்கம் திரும்பி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா அடுத்த பள்ளத்தாக்குல நிக்கிறாங்க. நானும் பாதி தூரம் போயிட்டுத்தான் திரும்பினேன்." அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. "கையைக் குடுங்க. போன வருஷம் நான்தான் ஜெயிச்சேன். இந்த வருஷம் ரெண்டாவது."