சுவரில் இருந்த வாசல்

ஒரு ரயில் நிலையத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெயர்ப்பலகையும் படிக்கட்டும் இருக்கிற பக்கம் என்றுதானே? எங்கள் நிலையத்திலும் அதெல்லாம் முன்பக்கம் இருந்தது. ஆனால் அந்த வழியாக யாரும் போவதில்லை.

அந்த நிலையத்தைக் கட்டியதே ஒரு சோப்புத் தொழிற்சாலைக்காகத்தான். தொழிற்சாலைக்கென்று தனித் தண்டவாளம் இருந்ததாம். ஷிப்ட் விடும் நேரத்தில் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமிருக்காதாம். தொழிற்சாலையை மூடினார்கள். தனித் தண்டவாளம் முள்ளுக்குள் போய்விட்டது. பிறகு காத்திருக்கும் அறையைப் பூட்டினார்கள், கழிப்பறையைப் பூட்டினார்கள், டிக்கெட் ஜன்னலையும் பூட்டினார்கள். கடைசியில் நின்றது இரண்டே வண்டிகள்: காலையில் நகரத்துக்கு ஒன்று, மாலையில் திரும்ப ஒன்று. மற்றதெல்லாம் எங்கள் முகத்தில் தூசியை அடித்துவிட்டுப் போகும்.

மிச்சமிருந்த ஒரே ஊழியருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. இடுப்பில் அத்தனை சாவி. எந்தச் சாவியாலும் எதையும் அவர் திறந்து நாங்கள் பார்த்ததில்லை.

நான் பிழைக்க வந்தவன். நகரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். பேச்சுத்துணை என்றால் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவும் அவர் வீட்டுக்காரரும்தான். அவரை மாமா என்பேன். அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர். சர்க்கரை ஒரு காலை எடுத்துக்கொண்டது. பிறகு சிறுநீரகமும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சக்கர நாற்காலியைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆட்டோவுக்கு அக்காவின் தையல் தாங்காது. காலை வண்டி இருந்தால் மாமா இருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

நிலையம் மேட்டில் இருந்தது. முன்பக்கம் செங்குத்தான படிகள். பின்பக்கம் தொழிற்சாலை நிலம், பிளாட்பாரத்துக்குச் சமமாக. நடுவில் ரயில்வே சுவர். அதில் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஒரு விடுமுறை நாளில் கடப்பாரை கொண்டுபோய் அதை நாற்காலி நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கினோம். இடித்ததில் பாதி வேலை எங்களோடு வண்டியேறும் முழங்கையுடையது. கூட்டத்தில் இடித்துத் தள்ளியே ஜன்னலோரம் பிடிக்கிற ஆள் என்பதால் அந்தப் பெயர்.

சத்தம் கேட்டுப் பூட்டு ஓடி வந்தார்.

"என்னய்யா பண்றீங்க? ரயில்வே சுவருய்யா அது!"

"சுவரு இருக்கு சார். கொஞ்சம் காத்தோட்டம் வந்திருக்கு, அவ்ளோதான்" என்றார் நாற்காலியிலிருந்த மாமா.

பூட்டு அவர் காலில்லாத பக்கத்தைப் பார்த்தார். "நான் எதையும் பாக்கல. மேல கேட்டா சுவரு முழுசா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

அப்படியே சொல்லியும் வந்தார். பலகை போட்டு வழி சுகமானதும் எல்லாரும் அந்த வழிக்கு வந்துவிட்டோம். எல்லாரிடமும் மாதச்சீட்டு, அதுவும் நகரத்தில் வாங்கியது. முன்பக்கம் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஒருநாள் மாலை வண்டியிலிருந்து இறங்கியபோது பூட்டு எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். முழங்கை நகரத்துக் கடையிலிருந்து கொண்டுவரும் துணியை வாங்கிப்போக அக்காவும் வந்திருந்தார்.

"நாளையிலேருந்து காலை வண்டி இங்க நிக்காது" என்றார் பூட்டு.

"என்ன சார், வெளையாட்டா?"

"முன்வாசல்ல ஒரு பொட்டி மாட்டினாங்களே, திருடன் பிடிக்கிற கேமரான்னுல்ல நெனச்சேன். தலை எண்ணுற மெஷினாம். ஒரு மாசம் எண்ணிப் பாத்திருக்காங்க. இங்க ஏற ஆளே இல்லையாம்."

"ஆளே இல்லையா? அப்ப நாங்கல்லாம் என்ன, பேயா?" என்று கத்தினான் முழங்கை.

"நீ எந்த வழியா வர்ற?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சார், மேல போன் போட்டுச் சொல்லுங்க. எல்லாரும் பின்னாடியாத்தான் வர்றாங்கன்னு சொல்லுங்க."

"சுவரு முழுசா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேனேம்மா. இப்ப ஓட்டைன்னு சொன்னா என் வேலை என்னாகும்?"

"வேலை போனா வேற தேடலாம் சார். நாளைக்கு அவருக்கு ஆஸ்பத்திரி. போகலன்னா..." அக்கா துணிமூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பூட்டு கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தன் அறைக்குள் போனார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. "ஆமா சார்... பெரிய ஓட்டைதான்... இல்ல சார், நான்தான் சொல்லல... தப்புதான் சார்."

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "உடனே பாக்கறேன்னு சொல்லியிருக்காங்கம்மா."

வீட்டில் மாமாவிடம் சொன்னோம். "பாப்பாங்க, பாப்பாங்க. நான் ஏத்திவிட்ட சோப்புலதான் பாதி ரயில்வேக்காரன் குளிச்சிருக்கான். அந்த நன்றி கூடவா இருக்காது?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. காலைக்கு அவர் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை பலகை மேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தோம். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காமல் போனது. அடுத்ததாவது நிற்குமா என்று வெயில் ஏறும்வரை இருந்தோம். நிற்கவில்லை. திரும்பியபோது ஓட்டையில் இரண்டு கொத்தனார்கள் இடுப்பளவுக்குச் செங்கல் வைத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் நாலு பேர் நாற்காலியைத் தூக்கி முன்பக்கப் படிகளில் இறக்கினோம். வாசலில் அந்த மெஷின் எங்களை எண்ணியது. மாமா அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.