வண்டி இருக்கிற வீடு வரைக்கும்

தெருச் சாலை பற்றிப் பேச, மேனேஜர் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அவருடைய மின்சாரக் கார் சுவரிலிருந்து தொங்கிய வயரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா அதன்மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். கணவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தாள். அவரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் தெருக்கோடி மேட்டிலிருக்கும் அவர்கள் வீடு வரைக்கும் ஏறி வரும். திரும்பும்போது ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடிப்பார். பக்கத்தில் இருக்கும் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

நகராட்சி கையை விரித்துவிட்டது. பெட்ரோல், டீசலுக்கு வந்த வரியில்தான் அதுவரை சாலை போட்டார்கள். பாதி ஊர் மின்சார வண்டிக்கு மாறியதும் அந்த வரி வற்றிப்போனது. இனி பெரிய சாலைக்கு மட்டும்தான் பணம். சின்னத் தெருக்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

“நான் பங்க்லயே வரி கட்டிட்டுத்தான் வர்றேன். நீங்க வீட்டுச் சுவத்துல சொருகிட்டுப் போறீங்க,” என்றார் டீசல் வேன்காரர். “மறுபடியும் என் தலையிலயே கட்டாதீங்க.”

“உங்க வேன் விடுற புகைய நாங்கதானே குடிக்கிறோம்? அதுக்கு யாரு தர்றது?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

வண்டியின் எடைக்கா, ஓடுகிற தூரத்துக்கா என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். ஓடுகிற தூரத்துக்குத் தக்கபடி பங்கு. டீசல் போடுகிறவருக்கு அதில் பாதி. வண்டி இல்லாத வீட்டுக்கு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

தையல்காரம்மா எழுந்தாள். “நாங்களும் தர்றோம் சார்.”

“உங்களுக்குத்தான் வண்டியே இல்லையேம்மா. உங்ககிட்ட வாங்குனா அடுக்குமா?”

“பாவம் பாக்காதீங்க சார். எங்களையும் கணக்குல சேத்துக்குங்க.”

சிரித்தார்கள். கனிவான சிரிப்புதான். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

“எவ்வளவு கேட்டாங்க?” என்றார் கணவர், படுக்கையிலிருந்தபடி.

“நமக்கு வேணாம்னுட்டாங்க.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. சிறுநீரகம் கெடும்வரை லாரி ஓட்டியவர். “நான் ஊத்துன டீசலுக்கு இந்தத் தெருவுல தங்கமே கொட்டியிருக்கலாம்டி,” என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தார் வண்டி வந்தபோது தையல் மெஷினை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ரோலர் மேடேறி வந்து வேன்காரர் கேட்டோடு நின்றுவிட்டது. மேலே அவள் வீடும், பூட்டிக் கிடந்த இன்னொரு வீடும்தான் மிச்சம்.

“வண்டி இருக்கிற வீடு வரைக்கும்னுதாம்மா சொல்லியிருக்காங்க,” என்றார் மேஸ்திரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மேனேஜரிடம் போனாள். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். “சேந்த பணம் அதுவரைக்கும்தான் வந்துச்சும்மா. அதுக்கு மேல போடணும்னா யாரைக் கேக்குறது, சொல்லுங்க?” என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை.

புதுச் சாலை முடிந்த இடத்தில் தார் ஒரு படி உயரத்துக்கு நின்றது. அதற்கப்பால் ரோலர் கிளறிப்போட்ட கற்கள். குழியில் தட்டுத்தடுமாறியாவது வாசல்வரை வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸ் இப்போது அங்கேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இறக்குனா வண்டி அடி தட்டும்மா. திரும்ப ஏறாது.”

சாப்பாட்டு மேஜையின் நாற்காலியில் அவரை உட்காரவைத்து டிரைவரும் அவளும் தூக்கினார்கள். கற்கள் காலடியில் உருண்டன. ஒருமுறை அவள் முழங்கால் மடங்கியது, நாற்காலி சாய்ந்தது, அவர் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். வேன்காரர் வீட்டு ஜன்னல் திரை அசைந்து நின்றது.

தாருக்கு வந்ததும் ஸ்ட்ரெச்சரில் மாற்றி உள்ளே ஏற்றினார்கள். வண்டி இறக்கத்தில் கிளம்பியது. ஒரு குலுக்கல் இல்லை. மேலே தொங்கிய மருந்துப் பைகூட ஆடவில்லை. கண்ணை மூடியிருந்தவர் திறந்து அவளைப் பார்த்தார்.

“நின்னுட்டோமா?”

“இல்லீங்க. போய்க்கிட்டுதான் இருக்கோம்.”

அவர் மறுபடி கண்ணை மூடினார். பின்கண்ணாடியில் கறுத்த தார் வழவழவென்று விலகிப் போய்க்கொண்டே இருந்தது.