பட்டியலில் அக்கா பெயர்

ஹாலில் இடம் வேண்டுமென்று தம்பியும் அத்தானும் சாப்பாட்டு மேஜையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மேஜை நிறைய விடைத்தாள்கள். பள்ளிக் கணிதப் போட்டிக்கு முப்பது வருடங்களாகக் கேள்வி எழுதி, பிள்ளைகளைப் பழக்கி, தாள் திருத்திய அக்கா விடிகாலையில் மாரடைப்பில் போய்விட்டாள். மதியத்துக்குள் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள்.

"தாளைக் கலைச்சுடாதப்பா. நம்பர் வரிசையா வெச்சிருக்கா. கலைஞ்சா எழுந்து வந்து திட்டுவா" என்ற அத்தான், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பியின் செல்போன் அடித்தது. கணிதக் கழகச் செயலாளர்.

"சார், மனசே கேட்கல. போட்டிகளை வளர்த்தவங்களுக்கான விருதை மேடத்துக்கே குடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னும் அறிவிக்கலையே. விருதுக் குழுத் தலைவர் நீங்க சரின்னா போதும். இப்பவாவது மறுக்காதீங்க. உங்க நேர்மை எங்களுக்குத் தெரியாததா?"

மூன்று வருடங்களாகப் பள்ளிகள் அக்கா பெயரை அனுப்பின. மூன்று முறையும் அதைப் பட்டியலிலிருந்து அடித்தது அவன்தான். "சொந்த அக்காவுக்கு நானே குடுத்தா நாலு பேர் சிரிப்பாங்க" என்று ஒவ்வொரு முறையும் குழுவிடம் சொன்னான். குழு நெகிழ்ந்துபோனது.

முதல் வருடம் அது உண்மைதான். அதன்பிறகு, போட்டித் தாளில் அவன் போட்ட ஆறாவது கேள்விக்கு விடையே கிடையாது என்று அக்கா கழகத்துக்கு எழுதினாள். கேள்வி ரத்தானது. அடுத்த பட்டியலில் அவள் பெயரை அடித்தபோது பேனா காகிதத்தைக் கிழித்தது. கடைசியாக அடித்தது போன திங்கட்கிழமை.

"குடுத்துடுங்க" என்றான்.

"மேடத்தோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு அனுப்புங்க சார்."

விஷயத்தைக் கேட்ட அத்தான் தலையாட்டினார். "இப்பவாவது ஒத்துக்கிட்டியே. 'என் தம்பி தலைவரா இருக்கிற வரைக்கும் எனக்குக் கிடைக்காது, அவன் அவ்வளவு சுத்தம்'னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்குவா."

"அத்தான், நான் ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல போட்டோவைப் பார்ப்போம். அவங்க காத்துட்டிருப்பாங்க."

படுக்கையறை அலமாரியில் அவளுடைய சான்றிதழ்களுக்கு அடியில் மூன்று ஸ்டுடியோ கவர்கள் இருந்தன. எதுவும் பிரிக்கப்படவில்லை.

"வருஷா வருஷம் இதே மாசம் போய் எடுத்துட்டு வருவா. எதுக்குடின்னா, 'யாராவது திடீர்னு கேட்டா ஓட முடியுமா'ம்பா. போன வாரம்கூடப் போனாளே."

அத்தான் கவர்களைப் பிரித்து, மூன்று படங்களைக் கட்டில்மேல் வரிசையாக வைத்தார்.

"எதுல நல்லா இருக்கா, நீயே சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். ஒன்றில் தலை முழுக்கக் கறுப்பு. அடுத்ததில் காதோரம் நரை. கடைசிப் படத்தில் அக்கா லேசாக உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். அவள் பூசி அவன் பார்த்ததே இல்லை.