கதவு பிடிக்கிறவள்

எனக்குக் கோபம் வந்தால் கை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அன்று திங்கட்கிழமை மாலை, எங்கள் அரசுப் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு தாளைக் கிழிகிற அளவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இதுவரை காலை நேரத்தில் வைத்த மாதிரித் தேர்வுகளில் கால்குலேட்டர் வாங்கியது 47, 48, 48. மதியம் வைத்தவற்றில் 21, 19, 23. எல்லாம் ஐம்பதுக்கு. அதே பிள்ளை, அதே மூளை.

கால்குலேட்டர் என் எட்டாம் வகுப்பு மாணவி. நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அதனால் வகுப்பே வைத்த பெயர். வரும் வெள்ளிக்கிழமை, நல்ல ஆய்வகம் உள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. நாற்பது எடுத்தால் அவளுக்கு இடம் உண்டு. தேர்வு எங்கள் பள்ளியிலேயே, ஆனால் மதியம் இரண்டு மணிக்கு.

சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிறாள் என்று திட்டிப் பார்த்தேன். நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். கூடுதல் வகுப்பையும் மதியமே வைத்தேன், புத்திசாலி நான்.

எரிச்சலில் தொண்டை வறண்டது. வராந்தாவில் பெண்பிள்ளைகள் பக்கத்துத் தண்ணீர் டிரம்மைத் திறந்தேன். விளிம்பு வரை தண்ணீர்.

“இப்பதான் ரொப்புனீங்களா?” என்று ஆயாம்மாவைக் கேட்டேன்.

“காலையில ரொப்புனது டீச்சர். பசங்க டிரம்மை ரெண்டு தடவை ரொப்பணும். பொண்ணுங்க டிரம் எப்பவும் இப்படித்தான் இருக்கும்.”

நானூறு தடவையாவது அந்த டிரம்மைக் கடந்து போயிருப்பேன். ஒரு நாளும் மூடியைத் திறந்ததில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல், என் மகள் முந்தின நாள் மிச்சம் வைத்த பாட்டில் தண்ணீரைப் பால்கனிச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். கால்குலேட்டரைத் தனியாக அழைத்தேன். முதலில் மழுப்பினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல டீச்சர். ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கணும். எனக்குக் கதவு பிடிக்கிறவ வேற ஸ்கூலுக்குப் போயிட்டா.”

“வேற யாரையாவது கூப்பிடக் கூடாதா?”

“எல்லாரும் ஜோடி ஜோடியா இருக்காங்க. தினமும் கெஞ்ச முடியுமா? அதான் தண்ணியே குடிக்கிறதில்ல. மூணாவது பீரியட்லயே தலைவலி வந்துடும். அப்புறம் கேள்வியைப் படிச்சா கண்ணு மட்டும்தான் போகும், மனசு போகாது.”

இந்தப் பிள்ளையைத்தான் தூங்குமூஞ்சி என்று திட்டியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. ஆசிரியர் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் உண்டு, பூட்டும் உண்டு.

தாளோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

“நான்தான் தாழ்ப்பாளை எடுக்கச் சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டு அழுதாளே, மறந்துட்டீங்களா? பிள்ளைங்க பாதுகாப்புதான் முக்கியம்.”

“அன்னைக்கு மாட்டிக்கிட்டது ஒருத்தி சார். இன்னைக்கு மாட்டிக்கிட்டு இருக்கிறது நூத்தி நாப்பது பேர்.”

அவர் தாளில் இருந்த காலை மார்க்கையும் மதிய மார்க்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். “வெளியிலேர்ந்தும் திறக்க முடியணும். அப்படின்னா போடுங்க,” என்றார்.

என் தம்பி வெல்டர். போனில் முழுக்கதையையும் மூச்சு விடாமல் சொன்னேன். “இதுக்கா இந்தக் குதி குதிக்கிற? அரை நாள் வேலை, அக்கா,” என்றான்.

புதன்கிழமை விடிந்ததும் வந்துவிட்டான். ஐந்து இரும்புக் கதவுகள். ஒவ்வொன்றிலும் உள்ளே தாழ்ப்பாள், வெளியே விரல் நுழையாத ஒரு சின்ன ஓட்டை. அதில் கம்பியை விட்டு நெம்பினால் தாழ்ப்பாள் விலகும். கம்பி தலைமையாசிரியர் மேஜையில். அவரே வந்து மூன்று முறை திறந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

இடைவேளையில் பெண்பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். சும்மா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதும். டக், டக் என்று அந்தப் பக்கமே ஒரே சத்தம். கால்குலேட்டர் வெளியே வந்து, இனிக் கதவைப் பிடிக்க யாரும் வேண்டாம் என்பதுபோல் வெறும் கைகளை விரித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வியாழக்கிழமை மதிய மாதிரித் தேர்வில் 43. வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பே ஓடவில்லை. வராந்தாவில் நடந்து நடந்து ஆயாம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “நீங்க வேற குறுக்க வராதீங்க டீச்சர். பொண்ணுங்க டிரம்மை ரெண்டாவது தடவை ரொப்பிட்டு இருக்கேன்.” அவர் புலம்பியது என் காதில் தேனாகப் பாய்ந்தது.

நான்கு மணிக்குக் கால்குலேட்டர், தன் விடைகளைக் குறித்துவைத்த வினாத்தாளோடு ஓடி வந்தாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து திருத்தினேன். நாற்பத்தாறு. இரண்டாவது முறை கூட்டினேன், நாற்பத்தாறேதான். கணக்கு டீச்சர் என்ற மரியாதையெல்லாம் மறந்து அவளைத் தூக்கிச் சுற்றினேன்.

அதே உற்சாகத்தில் வீடு வந்தேன். என் மகள் தனியார் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். உயரமான மதில், வாசலில் காவலாளி, திரும்பின பக்கமெல்லாம் கேமரா. அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். கணக்கு டீச்சர் மகளுக்குக் கணக்கு மட்டும் வராது என்பது எங்கள் வீட்டில் பழைய கேலி. அவளிடம் கதையைச் சொல்லிக்கொண்டே பையைப் பிரித்துப் பாட்டிலை எடுத்தேன். கனத்தது. விளிம்பு வரை தண்ணீர்.

“உங்க ஸ்கூல்லதான் தாழ்ப்பாள் இருக்கே?”

“இருக்கும்மா. ஆனா பாத்ரூம் வாசலுக்கு நேரா கேமரா. ஆபீஸ் டிவியில எல்லாருக்கும் தெரியும். யாரு எத்தனை தடவை போறான்னு எண்ணிச் சிரிக்கிறாங்க.”

“என்கிட்ட ஏண்டி சொல்லல?”

“நீதான் எல்லார்கிட்டயும் கேமரா இருக்குன்னு பெருமையா சொல்லுவியே.”

பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தாள், கடைசிச் சொட்டு வரை. அவள் தலைக்குப் பின்னால் பால்கனிச் செடி தளதளவென்று நின்றது. இரண்டு வருஷமாக அதற்கு நான் வேறு தண்ணீரே ஊற்றியதில்லை. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு நானே நேரில் போய்ப் பேச, விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தவள், நிமிர்ந்து கேட்டேன்.

“மதியம் உனக்கு என்ன பாடம்?”

“கணக்கும்மா,” என்றாள்.