ஹார்க்கர் வீட்டுக் கேட்டு

கீழ்ச்சாலையில் வெள்ளம் என்று புருஷன் டெரிக் சொன்னபோது நோரீன் நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அதுவும் நவம்பர் மழை. மேலே பட்டால் எலும்பு வரைக்கும் குளிர்கிற மழை.

"மேட்டு வழியாப் போவோம்" என்று ஜீப்பைத் திருப்பினான் டெரிக்.

மேட்டு வழி என்றால் மலைமேல் மேய்ச்சல் நிலங்களுக்குள்ளே புகுந்து போகிற ஒற்றைத் தடம். ஒவ்வொரு பண்ணையின் எல்லையிலும் ஒரு கேட்டு. ஓட்டுகிறவர் இறங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கித் திறந்து, வண்டி போனதும் சாத்திவிட்டு ஏற வேண்டும். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை அந்த மலைக்காரர்கள் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துப் பதிவு அலுவலகத்தில் மகள் லின்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஏடம் ஹார்க்கர். எல்லைக்கு அந்தப்பக்கத்துப் பண்ணைக்காரன் மகன். அவனுடைய தாத்தா ஒரு காலத்தில் டெரிக் வீட்டு ஆடுகள் மேல் தங்கள் பண்ணை அடையாளமான சிவப்புக் குறியைப் பூசி ஓட்டிக்கொண்டு போனார் என்பது டெரிக் வீட்டுப் புகார். தாத்தா செத்துப் புல் முளைத்துவிட்டது. புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. "அம்மா, என் பக்கத்துச் சாட்சி நீதான். நீ வரலேன்னா என் பக்கம் யாருமே இல்ல. அடுத்த ஜோடி வரிசையில நிப்பாங்க, ஒரு நிமிஷம்கூட நமக்காகக் காத்திருக்கமாட்டாங்க" என்று முந்தின நாள் போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள் லின்சி.

முதல் கேட்டில் நோரீன் இறங்கினாள். புதுத் தொப்பி, புதுச் செருப்பு. சேறு கணுக்காலைக் கவ்வியது. சாத்திவிட்டு ஓடி வந்து கதவுப் பிடியைத் தொடப் போனாள், ஜீப்பு நாலடி முன்னே நகர்ந்தது. மறுபடி ஓடினாள். மறுபடி நகர்ந்தது. உள்ளே டெரிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உனக்கு வெக்கமா இல்ல?"

"கல்யாணத்துக்குப் போறவ கொஞ்சம் குளிச்சுட்டுப் போனா என்ன?"

இரண்டாவது கேட்டிலும் அதே கூத்து. மூன்றாவதிலும் அதே. தொப்பி ஊறின ரொட்டி மாதிரி தொங்கிவிட்டது. அதைப் பிழிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சண்டை போட்டால் வண்டியை நிறுத்திவிடுவான், தெரியாதா அவளுக்கு! எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாள்.

மலை உச்சியில் மேகம் ஒரு கணம் விலகியது. கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. கீழ்ச்சாலையில் பால் லாரி ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே பள்ளிக்கூட பஸ்ஸும்.

"வெள்ளம்னு சொன்னே?"

டெரிக் கண்ணாடித் துடைப்பானையே பார்த்தான். "வடிஞ்சிருக்கும்."

"பாவி! வேணும்னே சுத்துறே. நேரத்தைக் கடத்துறே."

"ஆமா, கடத்துறேன். என் பொண்ணு அந்தத் திருட்டுக் குடும்பத்துல கையெழுத்துப் போடுறத நான் பாக்கணுமா? நீ சாட்சி சொல்லணுமா? உக்காரு பேசாம."

"நீ பாக்க வேண்டாம். நான் போகணும்."

"நடந்து போயேன். நீ ஓட்டுற லட்சணத்துக்கு இந்த வண்டியத் தரமாட்டேன்."

லைசென்ஸ் வாங்கியும் அவளை ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. டிராக்டர் மட்டும் ஓட்டலாம், ஏனென்றால் அது வேலை. நோரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனசுக்குள் அவனைப் பொசுக்கிக்கொண்டே வந்தாள்.

மலை இறங்கியதும் கடைசிக் கேட்டு. அதைத் தாண்டினால் பெரிய ரோடு, கனரக லாரிகள் பறக்கிற ரோடு. ஒரு கீல் போய், வைக்கோல் கட்டுகிற கயிற்றில் கேட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கினாள். கயிற்றை அவிழ்த்துத் தூக்கிப் பார்த்தாள். தூக்கமுடியும். தினம் வைக்கோல் கட்டுத் தூக்குகிற கை அது. ஆனால் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"என்னால ஆகல. ரொம்பக் கனம்."

"ஒரு கேட்டத் தொறக்கத் துப்பில்ல, சாட்சி சொல்லக் கிளம்பிட்டா!" டெரிக்குக்கு வாயெல்லாம் பல். எஞ்சினை அணைக்காமல் இறங்கிப் போனான். தோள் கொடுத்துக் கேட்டைத் தூக்கித் திறந்து பிடித்தான்.

நோரீன் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கியரைப் போட்டாள். அவன் மூக்குக்கு முன்னாலேயே ஜீப்பைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ரோட்டோரம் நிறுத்தினாள்.

"அடியே! என்னடி பண்றே?"

அவன் ஓடி வந்திருப்பான். ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டு, தீனி வந்துவிட்டது என்று அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தையே கத்திக்கொண்டு கேட்டை நோக்கிப் பாய்ந்து வந்தது. நனைந்த முதுகுகளில் எல்லாம் சிவப்புக் குறி. ஹார்க்கர் வீட்டு ஆடுகள். விட்டால் நேரே லாரிச் சக்கரத்துக்குத்தான் போகும். போகட்டுமே, எதிரி வீட்டு ஆடுதானே! டெரிக் ஒரு அடி ஜீப்பை நோக்கி வைத்தான். அடுத்த அடி வைக்க அவனுக்குக் கால் வரவில்லை. கேட்டை இழுத்துச் சாத்தி, நெஞ்சைக் கொடுத்து முட்டுக்கொடுத்தான். ஒரு கையால் கயிற்றைத் தேடினான். கயிறு சேற்றில் எங்கேயோ கிடந்தது. ஆடுகள் அந்தப் பக்கம் முட்டித் தள்ளின.

நோரீன் கண்ணாடியை இறக்கினாள். அவனுடைய மழைக்கோட்டையும் டீ பிளாஸ்க்கையும் கல்சுவர் மேல் வைத்தாள்.

"நோரீன்! கண்ணு! நில்லு!"

கண்ணாம்! ஜீப்பை நாலடி முன்னே நகர்த்தி நிறுத்தினாள். இன்னும் நாலடி நகர்த்தினாள். பிறகு நிறுத்தவில்லை.

பன்னிரண்டு அடிக்கும்போது சேறும் ஈரமுமாகப் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். லின்சி ஓடி வந்து கட்டிக்கொண்டு, அவள் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அப்பா வரலையா?"

நோரீன் தண்ணீர் சொட்டுகிற தொப்பியைக் கழற்றி ஏடம் கையில் கொடுத்தாள்.

"உன் மாமனார் வீட்டு ஆட்டுக்குக் காவல் நிக்கிறாரு" என்றாள் மகளிடம். "பேனா எங்க?"