இரண்டு பேருக்கு இறுக்கிய ஸ்பிரிங்

தொலைதூரம் போகிற வண்டி வாங்க நினைப்பவர்கள் எங்கள் அலுவலகத்தில் நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். இதுவரை பதினோரு பேருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன், பதினோரு பேரும் வாங்கி ஓட்டுகிறார்கள். நான் சொல்வதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நிறுத்தினால் கால் தரைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். வேகத்தை விட்டுத்தள்ளுங்கள், நாலு மணி நேரம் உட்காரக்கூடிய சீட்டா என்று பாருங்கள். முக்கியமாக, முதல் சர்வீஸ் முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதீர்கள். எது உறுத்துகிறது என்பது ஓட்டினால்தான் தெரியும். இந்தக் கடைசி யோசனையை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. சைலன்சரை மாற்றி, தெருவையே எழுப்பிவிட்டு, அப்புறம் வந்து என் முன்னால் தலையைச் சொறிவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னிடம்தான் அப்படியொரு வண்டி இல்லாமலே இருந்தது. "உங்க பேச்சைக் கேட்டு ஆபீஸே வண்டி வாங்கிடுச்சு, நம்மளைத் தவிர" என்று மனைவி சிரிப்பாள். கல்யாணமான புதிதில், கடலோரச் சாலை முழுக்க வண்டியிலேயே போய்வரலாம் என்று சொன்னவன் நான். ஒன்பது வருடமாக அதற்கான வண்டியைத் தேடினேன். ஒரு வருடம் பிரேக் சரியில்லை, ஒரு வருடம் ஹெட்லைட் போதவில்லை, ஒரு வருடம் புது மாடல் வரப்போகிறது என்று செய்தி. அவளும் வருடா வருடம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். வண்டியில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் நான் அப்படித்தான் என்று ஏழு வாரத்துக்கு முன்பு சொல்லிவிட்டு, அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. துணிகளை மடித்து வைக்கிறவள் போல நிதானமாகப் பேசினாள்.

மறுவாரமே வண்டியைப் பதிவு செய்தேன். ஒன்பது வருடம் யோசித்தவனுக்கு ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லை. அத்தோடு நில்லாமல், பின்சீட்டுக்கு அகலமான மெத்தை, சாய்மானம், காற்றுக்கு உயரமான முன்கண்ணாடி என்று எல்லாவற்றையும் வாங்கி வீட்டில் அடுக்கினேன். பழைய ஸ்கூட்டரில் அரைமணி நேரம் போனாலே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வண்டியைப் பார்த்தால் வந்துவிடுவாள் என்று நினைத்தேனா? நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. மரத்துப்போன கைவிரலை உதறுகிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வண்டியை எடுக்கும்போது எத்தனை பேர் போவீர்கள் என்று ஷோரூமில் கேட்டார்கள். ரெண்டு பேர், ரெண்டு பெட்டி என்றேன். அதற்கேற்ப பின் ஸ்பிரிங்கை இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். தனியாக ஓட்டினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சிக்னலில் நுனிவிரல்தான் தரையைத் தொட்டது. இரண்டு முறை வண்டி சாயப் பார்த்தபோது, பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்கிறவன். ஆனாலும் அந்த ஸ்பிரிங்கைத் தளர்த்த எனக்குக் கை வரவில்லை.

சனிக்கிழமை காலை, வாங்கி அடுக்கியதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சாய்மானத்தைப் பிரிக்காமலேயே ஓரமாக வைத்தார். முதல் சர்வீஸே ஆகவில்லை, அதற்குள் எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். பதினோரு பேரிடம் நான் சொன்ன பேச்சு எனக்கே திரும்பி வந்தது. முதலில் ஸ்பிரிங்கைச் சரிபார்ப்போம் என்று அளவு டேப்பை எடுத்தார். என்னை உட்காரச் சொல்லி, பின்சக்கரத்திலிருந்து சீட்டுவரை அளந்தார்.

"பின்னாடி உட்கார்றவங்களையும் உட்கார வச்சுத்தான் சார் பார்க்கணும். இல்லேன்னா எடையாவது சொல்லுங்க."

எனக்கு அவள் எடை தெரியவில்லை. எல்லா வண்டியின் எடையும் தெரியும். வெளியே வந்து போன் செய்தேன். நாலாவது மணியில் எடுத்தாள். வண்டி வாங்கியதைச் சொன்னேன், தன் தம்பி சொல்லித் தெரியும் என்றாள். பத்து நிமிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும், ஸ்பிரிங்கைச் சரி செய்யத்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நான் அதுல ஏறமாட்டேங்க. கோபத்துல சொல்லல. ஒரு ஆளுக்கே வச்சிடச் சொல்லுங்க."

"பின்சீட்டுக்கு மெத்தை எல்லாம் வாங்கிட்டேன்."

"தெரியும். நல்லதாத்தான் வாங்கியிருப்பீங்க." "பார்த்து ஓட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உள்ளே போனேன். மெக்கானிக் ஸ்பேனரோடு காத்திருந்தார்.

"ஒரு ஆளுக்கு வச்சிடுங்க" என்றேன்.

அவர் ஸ்பிரிங்கின் வளையத்தில் ஸ்பேனரைக் கொடுத்துத் திருப்பினார். ஒவ்வொரு படியாக டக் டக்கென்று இறங்கியது, ஐந்து படி. உட்கார்ந்து பாருங்கள் என்றார். உட்கார்ந்தேன். வண்டி என் எடைக்கு மெல்ல அமுங்கியது. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. யாரும் பிடிக்கத் தேவையில்லாமல் நின்றேன்.

"இப்ப கால் எட்டுதா சார்?"

எட்டுகிறது என்று தலையாட்டினேன். ஏழு வாரமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. எஞ்சினைக்கூட இன்னும் கிளப்பவில்லை, கடைக்குள்ளேயேதான் நின்றிருந்தேன். ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.